எல்லோரும் உள்ள படம்

நுழையும் முன்

வேற்று மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோதான் உறவினர் அனைவரையும் ஒருசேரக் காண்கின்றன. அந்நாளில் வீட்டிற்கு வெளியே எடுக்கப்படும் குழுப் படம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதையும், அதில் இருப்போரைத் தமிழ் எந்தெந்தப் பெயர்களால் அழைக்கிறது என்பதையும் இப்பாடம் கூறுகிறது.

பாடம்

மைசூரு சரசுவதிபுரத்தில் நெடுங்காலமாக வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை மனத்தில் எண்ணிக்கொள்வோம். தை மாதம். தாத்தாவிற்கு எண்பது வயது நிறைவடைகிறது. சென்னையில் உள்ள மூத்த மகனின் குடும்பத்தார் காவேரி விரைவு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து காலையில் வந்து இறங்குகின்றனர். ஈரோட்டில் வாழும் மகளின் குடும்பத்தார், மகளின் மாமனார் மாமியாரையும் அழைத்துக்கொண்டு, திம்பம் மலைப்பாதை வழியாக மகிழுந்தில் முதல்நாளே வந்துவிட்டனர். காட்டு விலங்குகளின் நலன் கருதி அப்பாதையில் இரவில் வண்டிகள் செல்லத் தடை உள்ளது. ஆகவே அவர்கள் பிற்பகலிலேயே புறப்பட்டாக வேண்டும். கைக்குழந்தையையும் சேர்த்து மொத்தம் பதினெண்மர். அவருள் மூத்தவர் தாத்தாவின் அக்கா. பேரப்பிள்ளைகளுக்கு அவர் அத்தைப்பாட்டி. அவரால் நெடுநேரம் நிற்க இயலாது.

படத்தை எப்போது எடுப்பது? “சாப்பிட்ட பிறகு எடுத்துக்கொள்ளலாம்” என்று யாரேனும் ஒருவர் சொல்வது எல்லா வீடுகளிலும் உண்டு. சாப்பிட்ட பிறகு நிகழ்வதும் எல்லா வீடுகளிலும் ஒன்றே. ஒருவர் உறங்கச் செல்வார். இருவர் தேவராச அரசு சாலைக்குக் கடை பார்க்கப் போவர். குழந்தைகள் புத்தாடையைக் களைந்துவிடுவர்.

ஒளிப்படக் கலைஞர்கள் விரும்பும் நேரம் காலைக் கதிரவன் எழுந்த பின் ஒரு மணி நேரமும், மாலையில் மறையும் முன் ஒரு மணி நேரமும் ஆகும். அப்போது ஒளி சாய்வாகவும் மென்மையாகவும் விழும். ஆனால் இக்குடும்பத்திற்கு அவ்விரு நேரமும் வாய்க்கவில்லை. காலையில் சென்னையார் வந்து சேரவில்லை; மாலையில் ஈரோட்டார் இருக்கமாட்டார்கள். பொன்னொளியில் பாதிப் பேர் நிற்கும் படத்தைவிட, சாதாரண ஒளியில் எல்லோரும் நிற்கும் படமே சிறந்தது. எனவே விழா முடிந்து இலை போடுவதற்கு முன், பதினொரு மணிக்கு எடுப்பதென்று முடிவாகிறது. இனி, அந்நேரத்து ஒளியோடு எப்படி ஒத்துப்போவது என்பதுதான் வினா.

வெயிலும் நிழலும்

உச்சி வெயிலில் எடுத்த படங்களில் கண்குழிகள் கருத்துவிடும்; மூக்கின் நிழல் உதட்டின்மேல் விழும். மைசூரு ஏறத்தாழ 12.3 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் 22ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20ஐ ஒட்டியும் அங்கு நண்பகலில் கதிரவன் நேர் உச்சியில் நிற்கும். நிமிர்ந்து நிற்பவரின் நிழல் அவர் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அந்நாள்களில் நண்பகல் படத்தைத் தவிர்ப்பதே நல்லது. மார்கழி, தை மாதங்களிலோ கதிரவன் தென்வானில் சாய்ந்து செல்கிறது. ஆதலால் வீட்டின் வடபுறச் சுவரை ஒட்டிய இடம் பகல் முழுதும் நிழலாக இருக்கும். மேலே திறந்த வானம், தரையில் நிழல்: குழுப் படத்திற்கு இதைவிட ஏற்ற இடம் வேண்டா. மழைக்காலத்தில் மேகம் மூடிய வானமும் இத்தகைய ஒளியையே தரும். மேகம் வானெங்கும் விரித்த வெண்துணிபோல் ஒளியைப் பரப்பிவிடுகிறது.

மரத்தடி நிழலை மட்டும் நம்பக் கூடாது. இலைகளின் இடைவெளி வழியாகப் புகும் ஒளி, முகங்களின்மேல் வட்ட வட்டமாக விழும். ஒருவர் நெற்றியில் ஒரு வட்டம், மற்றொருவர் கன்னத்தில் ஒரு வட்டம் எனப் படம் கெட்டுவிடும். இலைகளின் இடுக்கு எவ்வடிவில் இருந்தாலும் தரையில் விழும் ஒளி வட்டமாகவே இருப்பது ஏன்? ஒவ்வொரு சிறு இடுக்கும் ஓர் ஊசித்துளைக் கேமராவாகச் செயல்படுகிறது. அவ்வட்டம் கதிரவனின் உருவமே. 2019 டிசம்பர் 26 அன்று தென்னிந்தியாவில் கதிரவ மறைப்பு நிகழ்ந்தபோது மரத்தடிகளில் அவ்வட்டங்கள் பிறைகளாக மாறின.

வெயிலிலேயே நிற்க நேர்ந்தால், கதிரவனை முகத்திற்கு நேராக வைக்கலாகாது. எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொள்வர். முதுகுப்புறம் வைத்தால் முகம் கருக்கும். அப்போது செல்பேசித் திரையில் ஒரு முகத்தைத் தொட்டால் கருவி அம்முகத்திற்கு ஏற்ப ஒளியைக் கூட்டிக்கொள்ளும். பின்னால் வானம் வெளுத்துப் போனாலும் கவலையில்லை. படம் வானத்திற்காக எடுக்கப்படுவதன்று.

வரிசை அமைத்தல்

முதலில் ஐந்து நாற்காலிகள். நடுவில் தாத்தாவும் பாட்டியும், ஒருபுறம் அத்தைப்பாட்டி, மறுபுறம் சம்பந்திகள் இருவர். நாற்காலிகளின் முன் பாய் விரித்து நான்கு சிறுவர் சிறுமியர். பின்னால் எண்மர் நிற்பர். அவர்கள் நேர்க்கோட்டில் நிற்காமல் பிறைபோல் சற்று வளைந்து நின்றால் ஓரத்தில் உள்ளோரும் கருவிக்கு ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பர். முன்னால் இருப்பவர் தலைக்கு நேர்ப்பின்னே நிற்காமல், இரு தலைகளுக்கு நடுவே முகம் தெரியுமாறு நிற்க வேண்டும். கைக்குழந்தை பாட்டியின் மடியில் இருக்கும். அழுதால் தாயின் தோளுக்கு மாறும்.

முதியோரைக் கடைசியாக அழைத்து அமர்த்துவதே முறை. பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. மரியாதை கருதி மூத்தோரை முதலில் உட்கார வைத்துவிட்டு, பிறகு சட்டை மாற்றப் போன பேரனுக்காக அரைமணி நேரம் காத்திருக்கச் செய்வார்கள். அது மரியாதை ஆகாது.

கருவியைப் பிடிப்பவர் அருகில் நின்று அகலக் கோண வில்லையால் எல்லோரையும் அடக்க முயலக் கூடாது. அவ்வாறு செய்தால் ஓரத்தில் நிற்பவரின் முகமும் தோளும் இழுபட்டுப் பருத்துத் தோன்றும். சில அடிகள் பின்வாங்கிச் சென்று எடுத்தல் வேண்டும்.

எத்தனை படம் எடுப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. குழுப் படத்தில் யாரேனும் ஒருவர் கண்ணை மூடிவிடுவது வழக்கம். ஆஸ்திரேலியாவின் அறிவியல் நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த பியர்ஸ் பார்ன்ஸ், நிக் ஸ்வென்சன் இருவரும் கண்ணிமைக்கும் வேகத்தைக் கொண்டு இதைக் கணக்கிட்டனர். குழுவில் இருபதின்மருக்குக் குறைவாக இருந்தால், நல்ல ஒளியில் ஆள்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுக்க வேண்டும். மங்கிய ஒளியில் இரண்டால் வகுக்க வேண்டும். அத்தனை படங்கள் எடுத்தால் ஒன்றிலேனும் எல்லோர் கண்களும் திறந்திருக்கும் என்று நம்பலாம். பதினெண்மருக்கு ஆறு படம் போதும். சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு 2006ஆம் ஆண்டு இதற்குக் கிடைத்தது.

தொடக்கக் காலத்தில் இக்கணக்குக்கே இடமில்லை. 1854ஆம் ஆண்டு இறுதியில் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி ஹளேபீடு, பேலூர், சிரவணபெளகொள ஆகிய ஊர்களைப் படம் பிடித்தார். 1858இல் தஞ்சை, மதுரைக் கோயில்களையும் எடுத்தார். அப்படங்களில் மனிதரைக் காண்பது அரிது. ஒளி பதிய நெடுநேரம் ஆனதால் நடமாடுவோர் உருவம் படத்தில் தங்கவில்லை. கல் மட்டுமே தங்கியது.

நிழலாக நின்றவர்

வரிசை அமைந்தபின் ஒரு குறை எஞ்சும். படம் எடுப்பவர் படத்தில் இல்லை.

நாம் எண்ணிக்கொண்ட வீட்டின் அலமாரியில் ஒரு கருப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. ஊர் வீட்டு வாசலில் பதினொருவர் நிற்கின்றனர். அவருள் ஒன்பதின்மர் இன்னார் என்று அத்தைப்பாட்டி சொல்கிறார். மற்ற இருவர் பெயர் அவருக்கும் மறந்துவிட்டது. படத்தின் அடிப்பகுதியில், மண் தரையின்மேல் ஒரு நிழல் நீண்டு கிடக்கிறது: ஒரு தலை, உயர்த்திய இரு முழங்கைகள். கதிரவனை முதுகில் வைத்து எடுத்ததால் எடுத்தவரின் நிழல் படத்திற்குள் விழுந்துவிட்டது. “இது என் கடைசித் தம்பி. கேமராவை வேறு எவரிடமும் கொடுக்கமாட்டான்” என்கிறார் அத்தைப்பாட்டி. அத்தம்பி இளம் வயதிலேயே இறந்துபோனார். அவருக்கு வேறு படம் இல்லை.

ஆகவே இம்முறை முக்காலி வைத்து, பத்து நொடித் தாமதத்தில் எடுக்கலாம். முக்காலி இல்லையெனில் அண்டை வீட்டாரை அழைக்கலாம். மைசூருப் பிள்ளைகளுக்கு அது கடினமன்று. “தயவிட்டு ஒந்து ஃபோட்டோ தெகெதுகொடி” என்று கன்னடத்தில் கேட்டால் எவரும் மறுக்கமாட்டார்.

ஆறு படங்கள் எடுத்தபின் உடனே கலைந்துவிட வேண்டா. ஏழாவதாக ஒன்று எடுக்கலாம். ‘முடிந்தது’ என்றவுடன் தோள்கள் தளர்ந்து, ஒருவரை ஒருவர் நோக்கிச் சிரிக்கும் கணம் அது. மைசூருவில் 1923இல் பிறந்த செய்திப் படக் கலைஞர் டி. எஸ். சத்யன் எளிய மக்களின் இயல்பான முகங்களைப் படமாக்கிப் புகழ்பெற்றவர். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் படங்களில் உள்ளோர் கருவிக்காக விறைத்து நிற்பதில்லை.

பெயர் எழுதுதல்

படம் அச்சானதும் பின்புறம் பெயர்களை எழுத வேண்டும். பேனா மை நாளடைவில் ஊறி முன்பக்கம் தெரியக்கூடும். மென்மையான பென்சிலே ஏற்றது. வழவழப்பான தாளில் பென்சில் பதியாவிட்டால் தனித்தாளில் எழுதி, படத்தோடு உறையில் இடலாம். நாள், இடம், இடமிருந்து வலமாகப் பெயர். பெயருக்கு அருகில் உறவு.

உறவை எழுதத் தொடங்கினால்தான் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்னும் இரு சொற்கள் எத்தனை பேரை மறைத்துவிடுகின்றன என்பது விளங்கும். அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா, அம்மாவின் உடன்பிறந்தான் மாமா, அத்தையின் கணவரும் மாமாவே. பெரியவர்களுக்குள்ளும் பெயர்கள் உண்டு. அண்ணன் மனைவியும் தம்பி மனைவியும் ஒருவருக்கொருவர் ஓரகத்தி. அக்காள் தங்கையரை மணந்தவர்கள் சகலையர். கணவனின் உடன்பிறந்தாள் நாத்தனார். பள்ளியில் உடன் பயிலும் கன்னடத் தோழர் பெரியப்பாவை ‘தொட்டப்ப’ என்றும், சித்தப்பாவை ‘சிக்கப்ப’ என்றும், அத்தையை ‘அத்தெ’ என்றும் அழைப்பதைக் கேட்டிருக்கலாம். தொட்ட என்றால் பெரிய. சிக்க என்றால் சிறிய. இரு மொழிகளும் உறவை ஒரே கண்ணால் காண்கின்றன.

ஈரோட்டு மகிழுந்து புறப்படும் முன் படம் எல்லோர் செல்பேசிக்கும் சென்றுவிடுகிறது. பழைய படத்தின் பின்புறத்தில் பேத்தி பென்சிலால் ஒன்பது பெயர்களை எழுதுகிறாள். இரண்டு இடங்களைக் காலியாக விட்டு, “நிழல்: தாத்தாவின் கடைசித் தம்பி” என்று பத்தாவதாக எழுதுகிறாள். பெயரைக் கேட்க அத்தைப்பாட்டியிடம் செல்கிறாள்.

சொற்பொருள்

சம்பந்தி – மகன் அல்லது மகளுக்குப் பெண் கொடுத்த அல்லது எடுத்த வீட்டார்
வில்லை – லென்ஸ்
கதிரவ மறைப்பு – சூரிய கிரகணம்
எஞ்சும் – மீதமிருக்கும்
பதினெண்மர் – பதினெட்டுப் பேர்

பயிற்சி

1. மாலைப் பொன்னொளி கிடைக்கும் என்று தெரிந்தும் இக்குடும்பம் பதினொரு மணியைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

2. மரத்தடியில் விழும் ஒளி வட்டமாக இருப்பதன் காரணத்தை இரண்டு தொடர்களில் எழுதுக.

3. பன்னிருவர் உள்ள குழுவை மங்கிய ஒளியில் எடுத்தால் எத்தனை படங்கள் எடுக்க வேண்டும்?

4. பின்வருவோரைத் தமிழில் எவ்வாறு அழைப்பாய்? அவற்றுக்குரிய கன்னடச் சொற்களைத் தோழரிடம் கேட்டு எழுதுக.
(அ) அம்மாவின் அக்கா (ஆ) அப்பாவின் தங்கை (இ) அம்மாவின் தம்பி (ஈ) அப்பாவின் தாய்

5. உன் வீட்டில் உள்ள பழைய குழுப் படம் ஒன்றை எடுத்துக்கொள். அதில் இருப்போரின் பெயரையும் உறவையும் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, இடமிருந்து வலமாக எழுது. அப்படத்தை எடுத்தவர் யார் என்பதையும் கேள்.