கியர் பாக்ஸ் இரைந்தால் முதலில் காதைக் கொடு!

இன்பிளான்ட் டிரெயினிங் போன ஒர்க்ஷாப்புக்கு ஒரு பழைய டீசல் டாக்ஸி வந்தது. கியர் பாக்ஸில் கரகரவென்று இரைச்சல். "பாக்ஸையே மாத்திடலாம்ணே" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். ஒரே வண்டியை ஓட்டிப் பிழைப்பவர்; முகம் வாடிப்போச்சு. ஹெட் மெக்கானிக் முறைத்தார்: "சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு பார்த்தியாடா?"

நண்பர்களே, அவர் காட்டிய முறை இதுதான். நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டார். இரைந்தது. கிளட்ச்சை மிதித்ததும் நின்றது. மிதித்தால் இன்புட் ஷாஃப்டும் லே கியரும் நின்றுவிடும். ஆகவே கோளாறு பாக்ஸுக்குள்தான். மிதிக்கும்போது சத்தம் கிளம்பினால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கணும். (ஐடிலிங்கில் டீசல் இன்ஜினின் துடிப்புக்கு நல்ல பாக்ஸ்கூடக் கொஞ்சம் கடகடக்கும். அதைக் கேட்டு மிரளாதீர்கள்!)

பிறகு ரோட்டில் ஓட்டினோம். 1, 2, 3-ல் இரைச்சல், டாப்பில் குறைந்தது. பின்சக்கரம் தள்ளும் அந்த வண்டியில் 4-வது கியர் நேர் இணைப்பு. லே கியர் சுமையில்லாமல் சும்மா சுற்றும். ஆசாமி சிக்கியாச்சு!

ஆயிலை வடித்தோம். மெல்லிய சாம்பல்நிறப் பசை வந்தால் சாதாரணத் தேய்மானம். வந்ததோ இரும்புச் செதில். பிரித்தால் நீடில் பேரிங் உரிந்து, ஷாஃப்டிலும் குழி. பற்கள் நன்றாயிருந்தன. ஷாஃப்ட், பேரிங், சீல், ஆயிலோடு வேலை முடிந்தது. பல் உடைந்திருந்தால் அதோடு சேரும் கியரையும் ஜோடியாக மாற்றணும். கேஸில் பேரிங் உட்காரும் இடமே தேய்ந்து லூசானால்தான் முழு பாக்ஸ்.

வண்டி எடுக்க வந்தவர் என்னையும் ஏற்றிக்கொண்டார். செகண்டில் மேடு ஏறும்போது இரண்டுபேரும் பேசவேயில்லை, காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். இரைச்சல் இல்லை.