எதிர்கால இல்லமும் அதன் அறிவும்

வீடு என்னுஞ் சொல் 'விடு' என்னும் அடியிற் பிறந்தது. உறையுளுக்கும் அது பெயர். நாற்பொருளுள் இறுதியாகிய முத்திக்கும் அதுவே பெயர். பகலெல்லாஞ் சுமந்த சுமையை விட்டு இளைப்பாறுமிடம் வீடு எனின் மிகையாகாது. இக்காலத்தே 'திறன்மிகு இல்லம்' எனப்படும் மனைகள் உலகெங்கும் எழுகின்றன. ஆள்வரவறிந்து விளக்கேற்றுதல், வெப்பமறிந்து குளிரூட்டியை இயக்குதல், கதவைத் தாமே பூட்டுதல் ஆகியன அவற்றின் தொழில்கள். அவை குடியிருப்போரின் சுமையை விடுவிக்கின்றனவா, புதுச்சுமை ஏற்றுகின்றனவா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதலாவது, வெப்பம். வீட்டின் அறிவு முதற்கண் அமையவேண்டியது சுவரிலும் கூரையிலுமே. யாழ்ப்பாணம் போன்ற வெப்பநாட்டு ஊர்களில் நண்பகல் வெயில் கூரையையும், காலை மாலை வெயில் கிழக்கு மேற்குச் சுவர்களையும் மிகுதியாகத் தாக்கும். ஆதலின் நீள்பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்க, சாளரங்களை எதிரெதிரே வைத்து, கூரையிறப்பை நீட்டி, கிழக்கிலும் மேற்கிலும் மரநிழல் அமைத்தல் வேண்டும். நம் முன்னோரின் நாற்சார் வீட்டிலே சூடேறிய காற்று நடுமுற்றத்தின் வழியே மேலெழ, நிழல்பட்ட தாழ்வாரங்களினூடே புதுக்காற்று உட்புகுந்தது. கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் எனா டி சில்வாவுக்கு அமைத்த இல்லம், நகரத்துச் சிறுநிலத்துக்கும் நடுமுற்றம் பொருந்துமெனக் காட்டிற்று. வெயிலைத் தடையின்றி உள்ளே விட்டுவிட்டுக் குளிரூட்டியை நுட்பமாக இயக்குதல், ஓட்டைக் குடத்தில் நீரை அளந்து வார்ப்பதையொக்கும்.

இரண்டாவது, நீர். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையிடையே தங்கும் மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். அளவிறந்து இறைப்பின் உவர்நீர் ஊடுருவும். இங்கேதான் புதுக்கருவி மெய்யாகவே பயன்படும். கிணற்றின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து, எல்லை கடக்குமுன் நீரிறைக்கும் இயந்திரத்தை நிறுத்தவல்ல உணரி, மனிதக் கண்ணுக்குப் புலனாகாததைக் காட்டுகின்றது. கூரைநீரைத் தொட்டியிற் சேர்த்து, மிகுதியை நிலத்துட் செலுத்துதலும் உடன் வேண்டும்.

மூன்றாவது, நிலைபேறு. மின் நின்றால் இவ்வில்லத்தின் கதி யாது? 1990 முதற் பல்லாண்டு குடாநாடு பொது மின்வழங்கலின்றி வாழ்ந்தது. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. மின் இருப்பினும் உற்பத்தியாளர் கைவிடுதல் கூடும். றிவோல்வ் என்னும் இல்லக் கட்டுப்பாட்டுக் கருவியின் நிறுவனத்தை 2014இல் நெஸ்ற் நிறுவனம் வாங்கியது. 2016இல் அதன் இணையச் சேவை நிறுத்தப்பட, பழுதற்ற கருவிகளும் பயனிழந்தன. ஆதலின் கட்டளைகள் வீட்டினுள்ளேயே இயங்கல் வேண்டும். விளக்குக்குக் கையால் இயக்கும் ஆளியும், பூட்டுக்குத் திறப்பும் என்றும் இருத்தல் வேண்டும்.

நான்காவது, மனிதர். இதுவே தலையாயது. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழ, முதிய பெற்றோர் தனித்துறையும் இல்லங்கள் நம்மிடையே பல. கடல்கடந்த மகன் தாயின் வீட்டிற் கமரா பொருத்துவது அன்பினாலேயே. ஆயினும் இடையறாது பார்க்கப்படுபவர் தம் வீட்டிலேயே விருந்தினராகி விடுகின்றார். அடுக்களைக் கதவு காலையில் திறவாதிருப்பின் மகனுக்கோ அயலாருக்கோ அறிவிக்கும் சிற்றுணரி பல வேளைகளிற் போதும். அதுவும் அவருடைய இசைவுடனேயே அமைதல் வேண்டும். இரவில் அவர் எழுந்தவுடன் தானே ஒளிரும் விளக்கு, குளியலறையிற் கைப்பிடி, இடறாத வாயிற்படி ஆகியன விழுதலைத் தடுக்க உதவும்.

நாளை பொறியியலராகவும் கட்டடக்கலைஞராகவும் விளங்கவிருக்கும் மாணவர் ஒவ்வொரு கருவியையும் பொருத்துமுன் மூன்று வினாக்களை எழுப்புவாராக. இப்பணியை மரமோ சாளரமோ செய்யாதா? மின் நின்றபோதும் வீடு வீடாக இருக்குமா? அவ்வீட்டின் மிக முதியவர் பிறர் துணையின்றி இதனை ஆளவும், வேண்டாவிடின் நிறுத்தவும் இயலுமா? இவற்றுக்குத் தக்க விடை கிடைத்தபின் கருவியைப் பொருத்துதல் அறிவுடைமையாகும்.