தோங் நிரம்புவது சுலபம், மூடி வைப்பதுதான் பாடம்

2020 செப்டம்பரில் ஆறு மாசுபட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்த் தண்ணீர் நின்றுபோனது ஞாபகம் இருக்கா? வாளியோடு தண்ணீர் லோரிக்குக் காத்திருந்தபோதுதான், நம் கூரையில் விழும் மழையெல்லாம் லோங்காங்கிற்குப் போகுதே என்று எனக்கு உறைத்தது.

கணக்கு எளிது. 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். கூரை மூடும் தரைப்பரப்பு 40 சதுர மீட்டர், மழை 20 மில்லிமீட்டர் என்றால் 800 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 640 லிட்டர் மிஞ்சும். 200 லிட்டர் தோங் மூன்று நிரம்பிவிடும்!

நானும் ஒரு தோங் வாங்கி, கூரைக் குழாயின் கீழே வைத்தேன். மூடி போடவில்லை. பத்து நாள் கழித்து அம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே கொசுப் புழுக்கள் நெளிந்தன. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஏற்கெனவே ஒரு முறை டிங்கி வந்திருக்கிறது. வேறு வகைக் கிருமியால் இரண்டாம் முறை வந்தால் ஆபத்து இன்னும் அதிகம். "தண்ணி சேர்க்கிறேன்னு ஊருக்கே காய்ச்சல் கொடுக்கப் போறியா?" என்றார் அம்மா. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பிறகு சரியாகச் செய்தது இதுதான்:

1. உணவுப் பொருள் இருந்த தோங் மட்டுமே. இரசாயனத் தோங் வேண்டாம்.
2. இறுக்கமான மூடி. தண்ணீர் நுழையும், வழியும் வாய்களில் நெருக்கமான கொசுவலை.
3. நிரம்பினால் வழிய, உள்ளே வரும் குழாய் அளவுக்கே இன்னொரு குழாய்.
4. 200 லிட்டர் என்றால் 200 கிலோ. சமமான, உறுதியான கல் மேடை தேவை.
5. முதலில் வரும் 20 லிட்டரை வெளியே விடுங்கள். தூசி, பறவை எச்சம் அதோடு போகும்.
6. வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள். புழு இருந்தால் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றி, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் சுவரில்தான் ஒட்டியிருக்கும்.

இந்தத் தண்ணீர் குடிக்கவோ சமைக்கவோ அல்ல. துளசிக்கும் பூச்செடிக்கும் ஊற்ற, வாசல் கழுவ, கழிப்பறைக்குப் பயன்படுத்தலாம்.

திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே வான்சிறப்பு. மழையைப் போற்றுவது நம் மரபு. ஆனால், சேர்த்த மழையால் அடுத்த வீட்டுக்குக் கேடு வராமல் பார்ப்பதும் அந்தப் போற்றுதலில் சேர்த்தி என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு மூடிதான்.

இந்த வாரம் உங்கள் வீட்டுக் கூரையை அளந்து கணக்குப் போடுங்கள். அப்படியே, வீட்டைச் சுற்றி மூடாமல் நிற்கும் தண்ணீரையும் தேடிப் பாருங்கள்.