உதய்ப்பூரில் மலர்க்கொத்து அனுப்புவோர் கவனத்திற்கு

மேவார் மன்னர் இரண்டாம் உதய் சிங் 16ஆம் நூற்றாண்டில் நிறுவிய உதய்ப்பூரில், பிச்சோலா ஏரியின் கீழ்க்கரையை ஒட்டிய பழைய நகரத் தெருக்கள் பலவும் கார் நுழைய இயலாத அளவுக்குக் குறுகியவையாதலால், மலர்க்கொத்துக்குச் சொல்லி அனுப்புவோர் விடுதியின் பெயரோடு நின்றுவிடாமல், அது கங்கோர் காட், லால் காட் முதலான ‘காட்’ எனப்படும் படித்துறைகளுள் எதற்கு அருகில் உள்ளது என்பதையும், பெறுபவரின் கைப்பேசி எண்ணையும் கடைக்காரரிடம் தெரிவிப்பது இன்றியமையாதது. ஏரி நடுவே தீவில் எழுந்து, இன்று விடுதியாக இயங்கும் ஜக் நிவாஸ் அரண்மனையைப் படகில் மட்டுமே அடைய முடியும். ஆகவே மலர்களைக் கரையில் யார் பெற்றுக்கொள்வார் என்பதை அவ்விடுதியிடமே முன்கூட்டிக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

இவ்வட்டாரத்துக்கே பெருமை சேர்ப்பது, ஹல்திகாட்டிப் பகுதியில் சித்திரையை ஒட்டிப் பூக்கும் ‘சைத்தி குலாப்’ என்னும் நறுமண ரோஜா. பன்னீருக்கும், இதழ்களைச் சர்க்கரையில் ஊறவைத்துச் செய்யும் குல்கந்துக்கும் உரிய அம்மலர், இதழ்கள் விரைவில் உதிர்வதால் கொத்துக்கு ஏற்றதன்று.

மே மாத வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டக்கூடுமாகையால் காலை வேளையில் சேர்ப்பிக்கச் சொல்வதே நன்று. திருமணங்கள் மிகும் குளிர்காலத்தில் சில நாள் முன்னதாகவே சொல்லிவைத்துவிடுங்கள்.