சோத்தோட தேத்தண்ணி வேணாம்

தங்கச்சி, போன வாரம் வந்தப்ப பார்த்தேன். ஒம் மூத்தவன் சாயத்தண்ணியில ரொட்டிய நனைச்சுத் தின்னுட்டு பஸ்ஸுக்கு ஓடுறான். ஹட்டன் குளிருக்கு அது சொகந்தான், நாமளும் அப்பிடித்தான் வளர்ந்தோம். ஆனா தேயிலையில இருக்குற டானின், கீரை பருப்புல இருக்குற இரும்புச்சத்த ஒடம்புல சேர விடாது. ஒம் மக வேற வயசுக்கு வந்துட்டா, ரத்தம் கொறையாமப் பார்க்கணும். தேத்தண்ணியவே நிறுத்தச் சொல்லல. நிறுத்துன்னா இந்த மலையில யாரு கேப்பா? சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடு. சோத்தோட எலுமிச்சம்பழம் பிழிஞ்ச தண்ணி குடு, அது இரும்புச்சத்து சேர ஒதவும்.

சீனிய ஒரே நாள்ல கொறைச்சா கோப்பைய அப்பிடியே வச்சிட்டுப் போயிருவானுங்க. வாரத்துக்கு அரைக் கரண்டியா கொறை, நாக்கு தானாப் பழகிரும். புள்ளை மடுவத்துல விடுற கைப்புள்ளைக்கு மட்டும் போத்தல்ல சாயத்தண்ணி ஊத்திக் குடுக்காத. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டுந்தான்.

டவுன்ல டியூஷன் முடிஞ்சு வாங்குற கலர் போத்தல்ல ஒரு வட்டம் இருக்கும், பாரு. 2016 ஆகஸ்ட்ல கொண்டுவந்த சட்டத்தால வந்தது அது. 100 மில்லிலீட்டர்ல சீனி 11 கிராமுக்கு மேல போனா சிவப்பு, 2 கிராமுக்குக் கீழன்னா பச்சை, நடுவுல உள்ளதெல்லாம் மஞ்சள்னு வச்சாங்க. மஞ்சள்னதும் நல்லதுன்னு நெனைச்சிராத. 10 கிராம் உள்ளதும் மஞ்சள்தான். அதுல 400 மில்லி போத்தல் ஒண்ணு குடிச்சா 40 கிராம், பத்து தேக்கரண்டி சீனி! ஒங்கையால ஒரு கோப்பையில அவ்வளவு போடுவியா?

பரீட்சைக்கு முழிச்சிருக்கன்னு எனர்ஜி ட்ரிங்க் கேட்டா குடுக்கவே குடுக்காத. சின்ன டின்னுலயே 80 மில்லிகிராம் கெஃபீன் இருக்கும். தூக்கம் கெட்டா படிச்சது எங்க நிக்கும்?

குளிர்ல தாகம் தெரியாது, அதனால புள்ளைங்க தண்ணியே குடிக்க மாட்டாங்க. பீலித்தண்ணியக் கொதிக்க வச்சு, இளஞ்சூட்டோட போத்தல்ல ஊத்தி அனுப்பு. காசு இருக்குற அன்னிக்குப் பாலு. இல்லாட்டி வல்லாரைய அரைச்சு ஊத்தின இலைக்கஞ்சி, தொட்டுக்கக் கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு. பச்சை வாடைன்னு மூஞ்சியச் சுளிப்பானுங்க. தேங்காப்பால் கொஞ்சம் கூட ஊத்து, வாடை அடங்கிரும்.

ஞாயித்துக்கிழம வர்றப்ப வல்லாரை பறிச்சாறேன். எங்க லயத்துக்குப் பின்னால ஈரத்துல நெறையக் கெடக்கு.