விமானப் பயணத்தில் அஞ்சும் பிள்ளை

உம்ராவுக்கோ, வளைகுடாவிலிருக்கும் தந்தையிடமோ புறப்படும் பிள்ளை விமானத்தைக் கண்டு அழுதால், "கோழை" என்று ஏசுவோர் உண்டு. அச்சம் ஈமானின் குறையன்று. கைத்தடி பாம்பானபோது நபி மூஸா (அலை) அவர்களும் அஞ்சினார்கள். அல்லாஹ் அவர்களைத் தேற்றினான்.

நாமும் தேற்றுவோம். நடக்கவிருப்பதை முன்பே சொல்லிவைப்போம். கிளம்பும்போது இரைச்சல் எழும். காற்றோட்டத்தால், மேடுபள்ளச் சாலையில் செல்லும் வண்டியைப்போல் விமானம் குலுங்கும். இறங்கும்போது காது அடைக்கும். மிட்டாயைச் சப்பி எச்சிலை விழுங்கினால் திறக்கும். "குலுங்கவே குலுங்காது" என்று பொய் சொன்னால், நம் அடுத்த சொல்லையும் பிள்ளை நம்பாது.

மேட்டில் ஏறும்போது தக்பீரும், இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது ஸஹாபாக்களின் வழக்கமென ஜாபிர் (ரலி) அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. பயண துஆவுடன் இதையும் வீட்டிலேயே பழக்குவோம். விமானம் எழும்போது பிள்ளையின் கையைப் பற்றிச் சேர்ந்தே சொல்வோம். நாவு திக்ரில் ஈடுபட, நெஞ்சின் படபடப்பு அடங்கும், இன்ஷா அல்லாஹ்.