பெரட்டில் பெயர் விடுபட்ட கோர்கள்

கேள்வி: பழைய கணினியில் இரண்டு கோர் பிராசசரைக் கழற்றிவிட்டு நான்கு கோர் உள்ளதைப் போட்டோம். விண்டோஸ் இன்னும் இரண்டைத்தான் காட்டுகிறது. மற்ற இரண்டும் கெட்டுப்போய்விட்டனவா? இந்தச் சிக்கல் எப்போது பிறந்தது?
(மாணவர், மஸ்ஜித் தானா, மலாக்கா)

பதில்: பெரும்பாலும் கெட்டிருக்காது. கோர் ஒன்று உண்மையிலேயே பழுதானால் கணினி அடிக்கடி உறைந்து நிற்கும், நீலத்திரை வரும், சில வேளை கிளம்பவே கிளம்பாது. இரண்டு கோர்களோடு அமைதியாக ஓடும் கணினியில் மற்ற இரண்டையும் யாரும் கூப்பிடவில்லை என்பதுதான் வழக்கமான காரணம்.

மின்சாரம் பாய்ந்தவுடன் எல்லாக் கோர்களும் ஒன்றாக வேலை தொடங்குவதில்லை. ஒன்று மட்டும் எழுந்து கணினியைக் கிளப்பும், மற்றவை காத்திருக்கும். எந்தெந்தக் கோர்கள் இருக்கின்றன என்ற பட்டியலை மதர்போர்டிலுள்ள பயாஸ் எழுதி வைக்கும். விண்டோஸோ லினக்ஸோ அந்தப் பட்டியலைப் படித்து, மற்றவற்றை ஒவ்வொன்றாக எழுப்பும். தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டைப் பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் விடியற்காலையிலேயே வந்து நின்றாலும் கிராணி அவரைக் கூப்பிட மாட்டார். பெயர் எந்த இடத்தில் விடுபட்டது என்பதைத்தான் தேட வேண்டும்.

இந்தப் பட்டியல் முறைக்கு வயது முப்பதுக்கு மேல். பல பிராசசர் கொண்ட கணினிகளுக்கான விதிமுறையை இன்டெல் 1994இல் வெளியிட்டது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற பொது முறையைக் கொண்டுவந்தன. இன்றைய மேசைக்கணினிகளும் மடிக்கணினிகளும் பெரும்பாலும் அதன் வழியேதான் தங்கள் கோர்களை அறிவிக்கின்றன.

மாணவரின் கணினியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஒரு சிறிய டிக். விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்று தேடித் திறந்தால் 'பூட்' பக்கத்தில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' இருக்கும். அதற்குள் 'நம்பர் ஆஃப் பிராசசர்ஸ்' என்ற பெட்டி. அதில் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தால் கணினி வேகமாகக் கிளம்பும் என்ற தவறான யோசனை பல ஆண்டுகளாகக் கைமாறி வருகிறது. அந்தப் பெட்டி வேகத்தைக் கூட்டுவதற்கு இல்லை. டிக் போடாவிட்டால் விண்டோஸ் தானாகவே எல்லாவற்றையும் பயன்படுத்தும். டிக் போட்டு 2 என்று வைத்தால் இரண்டுக்கு மேல் எழுப்பாது. பழைய பிராசசர் இருந்தபோது யாரோ வைத்த 2, புதியது வந்த பிறகும் அப்படியே நிற்கும். டிக்கை எடுத்துவிட்டுக் கணினியை மறுபடி கிளப்பினால் போதும், ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை. பக்கத்திலேயே 'மேக்ஸிமம் மெமரி' என்று இன்னொரு பெட்டி இருக்கும். அதில் டிக் இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். அது நினைவகத்தைக் குறைத்துவிடும்.

அங்கே டிக் இல்லையென்றால் பயாஸுக்குள் போக வேண்டும். சில மதர்போர்டுகளில் எத்தனை கோர் இயங்கலாம் என்று தேர்ந்தெடுக்க ஓர் அமைப்பு உண்டு. அதில் 'ஆல்' இருக்க வேண்டும். பிராசசரைவிட மதர்போர்டு பழையதாக இருந்தால் பயாஸைப் புதுப்பிக்க வேண்டியும் வரலாம். அந்த வேலையை இடி மின்னல் நாளில் தொடவே கூடாது. பாதியில் மின்சாரம் போனால் மதர்போர்டே வீணாகிவிடலாம்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இன்னும் தொல்லை. ஒற்றைப் பிராசசருக்கு ஒன்று, பலவற்றுக்கு ஒன்று என அடித்தளக் கோப்புகள் தனித்தனியாக இருந்தன. விண்டோஸைப் பதியும்போதே அவற்றில் ஒன்று முடிவாகிவிடும். பிறகு இரட்டைக் கோர் போட்டவர்கள் பலர் விண்டோஸையே மீண்டும் பதிய வேண்டியிருந்தது.

கேள்வி: ஒரே பிராசசருக்குள் பல கோர் வைக்கும் எண்ணம் எப்படி வந்தது? மலேசியாவுக்கும் அதில் பங்கு உண்டா?
(அதே மாணவர்)

பதில்: வெப்பத்தால் வந்தது. பிராசசரின் வேகத்தை ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டே போனார்கள். சூடும் மின்செலவும் கூடவே ஏறின. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வருமென்று சொல்லியிருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஒன்றை விரட்டுவதைவிட இரண்டை நிதானமாக ஓட்டலாம் என்ற வழி அப்போது ஏற்கெனவே இருந்தது: ஐபிஎம் 2001இலேயே பவர்4 என்ற இரட்டைக் கோர் சில்லைப் பெரிய சர்வர்களுக்குக் கொண்டுவந்திருந்தது. 2005இல் இன்டெலின் பென்டியம் டி, ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2 இரண்டும் வெளிவந்து, இரட்டைக் கோர் வீட்டுக் கணினிக்கு வந்து சேர்ந்தது.

மலேசியாவின் பங்கைப் பிராசசரின் முதுகிலேயே படிக்கலாம். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஒருங்கிணைப்பு ஆலையைத் தொடங்கிய இடம் பினாங்கு, ஆண்டு 1972. மின்விசிறியைக் கழற்றினால் பல இன்டெல் பிராசசர்களின் உலோக மூடியில் 'மலாய்' என்று பொறித்திருக்கும். ஏஎம்டியும் பினாங்கில் ஆலை வைத்திருந்தது. அதன் ஃபினாம் வகைப் பிராசசர்கள் பலவற்றில், சில்லு ஜெர்மனியில் உருவாகி மலேசியாவில் முழுமையானது என்ற குறிப்பு இருக்கும். மலாக்காவுக்கும் பங்கு உண்டு. பத்து பெரண்டாம் வட்டாரத்து ஆலைகள் 1970களிலிருந்து சில்லு வேலை செய்கின்றன. இன்ஃபினியானின் மலாக்கா ஆலை, அது சீமென்ஸாக இருந்த 1973லிருந்து நடக்கிறது. மலாக்கா மாணவர்கள் கணினியை எங்கோ தொலைதூரத்தில் பிறந்த பொருளாக நினைக்க வேண்டியதே இல்லை.

ஃபினாம் வரிசையில் 2008இல் வந்த எக்ஸ்3 வகைக்கு மூன்று கோர். நான்கு கோர் சில்லில் ஒன்றை நிறுத்திவிட்டு விற்றார்கள். சோதனையில் ஒன்று தேறாத சில்லைக் குப்பையில் போடாமல் பயன்படுத்த அது நல்ல வழி. அதன் பின்வந்த ஃபினாம் 2 எக்ஸ்3யில் சிலர் பயாஸ் அமைப்பை மாற்றி நான்காவதை எழுப்பினார்கள். சிலருக்கு அது நன்றாக ஓடியது, சிலருக்குக் கணினி நிலைகுலைந்தது. அப்படிப்பட்ட பிராசசரில் மூன்று மட்டும் தெரிந்தால் அது கோளாறு இல்லை.

கேள்வி: இரண்டு பிராசசர் கொண்ட பழைய ஒர்க்ஸ்டேஷன் மலிவாகக் கிடைத்தது. பாதிக் கோர்கள்தான் தெரிகின்றன.
(வாசகி, அலோர் காஜா)

பதில்: எந்த விண்டோஸ் என்று பாருங்கள். விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம், விண்டோஸ் 10 ஹோம் ஆகியவை ஒரு சாக்கெட்டிலுள்ள பிராசசரை மட்டுமே ஏற்கும். புரொஃபஷனல், புரோ பதிப்புகள் இரண்டை ஏற்கும். கோர் எண்ணிக்கையை வைத்து உரிமக் கட்டணம் வாங்குவதில்லை, பிராசசருக்குத்தான் கணக்கு என்று மைக்ரோசாஃப்ட் 2004இல் அறிவித்தது. அதனால் ஒரே பிராசசரில் எட்டுக் கோர் இருந்தாலும் ஹோம் பதிப்பு எட்டையும் ஓட்டும். இரண்டாவது சாக்கெட்டை மட்டும் தொடாது. மெய்நிகர் கணினியிலும் இதே விதி. நான்கு சாக்கெட், ஒவ்வொன்றிலும் ஒரு கோர் என்று அமைத்தால் ஹோம் பதிப்பு ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு சாக்கெட், நான்கு கோர் என்று மாற்றினால் நான்கும் வரும். லினக்ஸில் இந்த உரிம வரம்பு கிடையாது. பென்டிரைவில் லினக்ஸை ஏற்றிக் கிளப்பிப் பார்த்து, அங்கே எல்லாக் கோர்களும் தெரிந்தால் வன்பொருளில் குறை இல்லை. புதிய பிராசசர் வாங்கவும் தேவையில்லை.